எறும்பைக் கூப்பிடுமுன் எண்ணிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

போன இதழில், எறும்பைப் பார்த்துக் கணினி கற்றுக்கொண்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய இருக்கின்றன. லிச்சி மரம் வைத்திருப்பவர், கரும்பு போட்டிருப்பவர், கோயில் கமிட்டிக்காரர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதே விஷயம்தான்.

“டீச்சர், எறும்புக் கூட்ட முறையில் கம்பியில்லா வலையமைப்புக்குப் பாதை கண்டுபிடிப்பது என்று எனக்கு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் சூத்திரம் சூத்திரமாக இருக்கிறது. எறும்பு எங்கே, வைஃபை எங்கே? என் பாட்டிக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.” – மொரீசியஸ், ரெதுயியில் படிக்கும் மாணவி

சூத்திரம் அப்புறம் இருக்கட்டும் அம்மா, முதலில் சமையலறைக்கு வா. போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையிலிருந்து சர்க்கரை டப்பா வரைக்கும் எறும்புச் சாரி. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் வந்த எறும்பு, துடைத்த இடத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மீசையை ஆட்டிக்கொண்டு இடப்பக்கம் கொஞ்சம் போனது, திரும்பியது, வலப்பக்கம் கொஞ்சம் போனது. பின்னால் வந்தவை அதன்மேல் முட்டிக் குவிந்தன. ஒரு ஐந்து நிமிடம் கழித்து ஒன்று துணிந்து குறுக்கே கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கால் மணி நேரத்தில் சாரி பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. என் துணியோடு போனது அவை தரையில் போட்டு வைத்த வாசனை. பெரமோன் என்று அறிவியலில் சொல்வது அதைத்தான்.

1989-இல் பிரஸ்ஸல்ஸில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். அர்ஜென்டினா எறும்புக் கூட்டுக்கும் இரைக்கும் நடுவே ஒரு பாலம், அதில் இரண்டு கிளை, ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு நீளம். ஆரம்பத்தில் எறும்புகள் இரண்டிலும் கலந்துதான் போயின. ஆனால் குட்டைக் கிளையில் போனது சீக்கிரம் திரும்பி வந்துவிடும். அதனால் அந்தக் கிளையில் வாசனை சீக்கிரம் சேரும், வாசனை அதிகமுள்ள பக்கம் அடுத்த எறும்பு போகும். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை குட்டை வழிக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் பாதையை அளக்கவில்லை.

இதே சோதனையில் இன்னொரு பக்கமும் உண்டு. உன் புராஜெக்டுக்கு அதுதான் முக்கியம். முதலில் நீளக் கிளையை மட்டும் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் குட்டைக் கிளையைச் சேர்த்தால் என்ன ஆகும்? எறும்புகள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. அதில் அவ்வளவு வாசனை ஏறியிருந்தது. உண்மை எறும்பின் வாசனை மெதுவாகத்தான் மறைகிறது. மார்கோ டொரிகோ இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். 1992-இல் மிலானில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு அதுதான். அதில் வாசனை வேண்டுமென்றே வேகமாக ஆவியாகும்படி வைத்தார். பழையதை மறந்தால்தானே புதியது கண்ணில் படும்.

1998-இல் டி காரோவும் டொரிகோவும் ‘ஆன்ட்நெட்’ என்று ஒன்று செய்தார்கள். வலையமைப்பில் பாக்கெட் எனும் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகளை எறும்பு மாதிரி அனுப்புவார்கள். போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்று அது குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பும். திரும்பும்போது வழியிலுள்ள ஒவ்வொரு கணுவிலும், அதாவது தரவைக் கைமாற்றிவிடும் ஒவ்வொரு கருவியிலும், இந்தப் பக்கம் போனால் இவ்வளவு நல்லது என்று அட்டவணையைத் திருத்திவிட்டு வரும். உண்மையான தரவு அந்த அட்டவணையைப் பார்த்துப் போகும். கம்பியில்லா வலையில் கருவிகள் நகரும், பேட்டரி தீரும், நடுவில் சுவர் வரும். எந்த நேரமும் யாரோ ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரிதான் அது. அதனால்தான் எறும்பு அங்கே பொருந்துகிறது.

புராஜெக்டில் நீ ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணுவை அணைத்துவிடு. பாதை மறுபடி சரியாக எத்தனை விநாடி ஆகிறது? ஆவியாகும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அதை அளந்து ஒரு படம் போடு. அந்த ஒரு படம் பத்துப் பக்கம் சூத்திரத்துக்குச் சமம்.

“பையன் ‘வௌவால் அல்காரிதம்’ என்று ஏதோ படிக்கிறான். வருஷா வருஷம் எங்கள் லிச்சியைத் தின்கிறதே, அந்த வௌவாலிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?” – மாப்பூவிலிருந்து ஒரு வாசகர்

அது வேற வௌவால், ஐயா. 2010-இல் ஷின் ஷீ யாங் எழுதிய அந்த முறை பூச்சி பிடிக்கும் சின்ன வௌவாலைப் பார்த்து எழுதப்பட்டது. அது இருட்டில் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கும். இரையை நெருங்க நெருங்கக் கத்துவது அடிக்கடி ஆகும், சத்தம் குறையும். உங்கள் மரத்துக்கு வருவது நம் தீவின் பழந்தின்னி வௌவால். அதற்கு இந்த எதிரொலி வித்தை கிடையாது. கண்ணாலும் மூக்காலும்தான் லிச்சியைத் தேடி வருகிறது. அதனால் அல்காரிதத்தைப் படித்து அதை விரட்ட முடியாது, மரத்துக்கு வலை போடுங்கள். அதுவும் இழுத்துக் கட்டிய வலையாக இருக்கட்டும், தொங்கினால் பாவம் அதில் சிக்கிச் செத்துவிடும்.

“ரோஸ் ஹில்லில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் வைஃபையை யாரோ திருடுகிறார்கள் போலிருக்கிறது. இந்த எறும்பு முறை, ஓநாய் முறை எல்லாம் அதைத் தடுக்குமா?” – ஒரு கடைக்காரர்

தடுக்காது. உங்களுக்கு வேண்டியது பூட்டு. ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், நீளமாக வையுங்கள். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற பூட்டு முறை இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2. அப்புறம் டபிள்யூ.பி.எஸ் என்று, பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் 8 இலக்க எண்ணைக் கொடுத்து வலையில் சேரும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அந்த 8 இலக்க எண்ணைக் கண்டுபிடிக்க 10 கோடி தடவை முயல வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் 11,000 தடவை முயன்றாலே போதும் என்று 2011-இல் தெரிந்துவிட்டது. சில மணி நேர வேலை. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் அதற்குத் தனிப் பெயரில் விருந்தினர் வலை வையுங்கள். பணம் வாங்கும் கருவி அந்த வலையில் இருக்கவே கூடாது.

“தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் தொண்டர்களுக்காக வைஃபை போடப் போகிறோம். 6 பெட்டி வாங்கியாயிற்று. மாட்டத் தோதான இடம் 14 இருக்கிறது. எங்கே மாட்டுவது என்று ஜெனடிக் அல்காரிதம், அதாவது மரபணு முறை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறான் அக்கா மகன். செய்யலாமா டீச்சர்?” – குவாத்ர் போர்னிலிருந்து கோயில் கமிட்டி அன்பர்

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கினேன் என்று சொல்லலாம்.

முதலில் எண்ணிப் பாருங்கள். 14 இடத்தில் 6-ஐத் தேர்ந்தெடுக்க 3,003 வழி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றோடொன்று மோதாத 3 சேனல், அதாவது 1, 6, 11. ஆறு பெட்டிக்கு 729 விதம். இரண்டையும் பெருக்கினால் 21,89,187. ஏறக்குறைய 22 லட்சம். அக்கா மகனின் மடிக்கணினி இத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிடும், நீங்கள் தேநீர் போட்டு வருவதற்குள். எல்லாவற்றையும் பார்க்க முடிகிற இடத்தில் மரபணுவையும் எறும்பையும் கூப்பிடுவானேன்? அவை தருவது ‘நல்ல’ விடை, ‘மிக நல்ல’ விடை என்று உறுதி தராது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் உறுதி.

இதுவே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, 60 இடத்தில் 20 பெட்டி என்றால் கதை வேறு. சேனலையும் சேர்த்து எண்ணினால், 1 போட்டுப் பக்கத்தில் 25 சைபர் போட்டாலும் போதாது, அத்தனை வழி. அங்கேதான் ஜான் ஹாலண்ட் 1975-இல் புத்தகமாக எழுதிய அந்த மரபணு வித்தை வேண்டும். சுமாரான நூறு விடைகளை எடுத்து, நல்லதோடு நல்லதைக் கலந்து, அங்கங்கே ஒன்றை மாற்றி, தலைமுறை தலைமுறையாக முன்னேற்றுவது.

எந்த முறையானாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ‘நல்ல விடை’ என்று கணினிக்கு எதைச் சொல்வீர்கள்? இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்னால் வேறொரு கோயிலில் காவடிக்கு இதே வேலையைச் செய்தேன். கோயில் வரைபடத்தில் 200 புள்ளி வைத்து, அத்தனை புள்ளியிலும் சிக்னலின் சராசரி அதிகமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். புள்ளி எங்கே அதிகம்? மண்டபத்தைச் சுற்றி, காவடி வந்து இறங்குகிற முற்றத்தில். விடை அழகாக வந்தது, பெட்டிகளை மாட்டினோம். கோயிலுக்குப் பின்னால், துத்தநாகத் தகடு போட்ட கொட்டகையில், ஏழு கறி சமைக்கிற இடத்துக்கு நான் வைத்திருந்தது நான்கு புள்ளி. சராசரியில் நான்கு புள்ளி போனால் யாருக்குத் தெரியும்?

காலை பதினொரு மணிக்கு அடுப்புப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மயங்கி விழுந்தார். விடியற்காலையிலிருந்து விரதம், அடுப்பின் அனல் வேறு. பக்கத்திலிருந்த பெண் முதலுதவிக் குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். போகவில்லை. மறுபடி அனுப்பினாள். போகவில்லை. தகடும், அடுக்கி வைத்த அலுமினிய அண்டாக்களும் சேர்ந்து அந்த இடத்தைப் பெட்டி மாதிரி அடைத்திருந்தன. கடைசியில் ஒரு பையன் கூட்டத்துக்குள் புகுந்து ஓடிப் போய்ச் சொன்னான். அந்த அம்மாள் தேறிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கொட்டகையில் நின்று என் போனைப் பார்த்தேன். திரையில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். ‘சராசரி எவ்வளவு’ என்பதை எடுத்துவிட்டு, ‘மிக மோசமான புள்ளியில் எவ்வளவு’ என்று போட்டேன். மாட்டும் இடங்களும் அதே, பெட்டியும் அதே, நிரலும் அதே. ஆனால் விடை முழுக்க மாறிவிட்டது. இந்தத் தடவை ஒரு பெட்டி கொட்டகை வாசல் தூணுக்கு வந்தது.

அக்கா மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவன் எந்த அல்காரிதம் எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் சமையல்கட்டு, செருப்பு விடும் இடம், முதலுதவி மேசை, வண்டி நிறுத்துகிற புல்வெளி எல்லாம் வரைபடத்தில் இருக்கிறதா, அந்தந்த இடத்தில் நிற்கப்போகிறவர்களைக் கேட்டானா என்று பாருங்கள். அப்புறம் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும். காலியான கோயிலில் அளந்த சிக்னல், காவடி நாளில் இருக்காது.

“வையர்லெஸ் வலையில் ஊடுருவலைக் கண்டுபிடிக்க, துகள் கூட்ட முறையில் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். 99.8 சதவீதம் சரியாக வருகிறது. இது போதுமா?” – முதுகலை மாணவர், எபேன்

எந்தத் தரவில் சோதித்தீர்கள் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது, கே.டி.டி. 99 என்ற பழைய ஊடுருவல் தரவுத் தொகுப்பு. சரி, அதைப் பேசுவோம்.

அந்தத் தரவில் ஒவ்வொரு இணைப்புக்கும் 41 பண்புகள். இவற்றில் எவை உண்மையில் உதவும், எவை வெறும் பாரம் என்று தேர்ந்தெடுப்பதற்கு 2 லட்சம் கோடிக்கும் மேல் வழி. அதில் தேட, 1995-இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் பறவைக் கூட்டத்தைப் பார்த்துச் செய்த துகள் கூட்ட முறையை எடுத்தது நல்ல யோசனை. ஒவ்வொரு துகளும் தான் கண்ட நல்ல இடத்தையும், கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் பார்த்து நகரும். இதுவரை உங்கள் வேலை சுத்தமாக இருக்கிறது.

ஆனால் தம்பி, அந்தத் தரவின் மூலம் 1998-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் செயற்கையாக ஓட்டிப் பார்த்த வலையமைப்பு. கம்பி போட்ட வலை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் வைஃபை அப்போது கடைக்கே வரவில்லை. உங்கள் கட்டுரைத் தலைப்பில் ‘வையர்லெஸ்’ என்று இருக்கிறது, தரவில் வையர்லெஸ் இல்லை. போலி ரவுட்டர் வைத்து ஏமாற்றுவது, போலி அறிவிப்பு அனுப்பிக் கருவிகளை வலையிலிருந்து கழற்றிவிடுவது போன்ற வைஃபைக்கே உரிய தாக்குதல் ஒன்றுகூட அதில் கிடையாது. கிரீஸ் நாட்டின் ஏஜியன் பல்கலைக்கழகத்தார் வைஃபையிலேயே திரட்டிய ‘அவிட்’ தரவு இருக்கிறது, அதில் சோதியுங்கள்.

அடுத்தது அந்தச் சதவீதம். ஒரு நாளைக்கு 1,00,000 இணைப்பு வருகிறது, அதில் தாக்குதல் 10 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, உங்கள் நிரல் 99 சதவீதம் சரி என்போம். பத்தையும் பிடித்துவிடும். ஆனால் நல்ல இணைப்புகளில் 1 சதவீதத்தைத் தாக்குதல் என்று சொல்லும். அது ஏறக்குறைய 1,000. நூறு தடவை மணி அடித்தால் ஒரு தடவைதான் உண்மை. மூன்றாம் நாள் காவலுக்கு இருப்பவர் மணியை நிறுத்திவிடுவார். சதவீதத்தோடு பொய் அலாரம் ஒரு நாளைக்கு எத்தனை என்றும் எழுதுங்கள்.

நேரம் இருந்தால் ஸ்டெஃபனி ஃபாரஸ்டும் கூட்டாளிகளும் 1994-இல் எழுதியதைப் படியுங்கள். நம் உடம்பில் தைமஸ் சுரப்பியில் டி செல்கள் வளரும்போது, உடம்பின் சொந்தச் செல்களைத் தாக்குகிறவை அங்கேயே அழிக்கப்படும், மற்றவைதான் வெளியே வரும். அதே மாதிரி, வழக்கமான நடத்தையோடு பொருந்துகிற காவலாளிகளை முதலிலேயே நீக்கிவிட்டு, மிச்சமானவற்றை வைத்து அந்நியத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் யோசனை. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்தது இது. ஏனென்றால் இதுவரை யாரும் பார்க்காத தாக்குதலுக்கும் அதில் இடம் இருக்கிறது.

“ஓநாய், திமிங்கலம், மின்மினி, குயில்... என்று எத்தனையோ பெயரில் அல்காரிதம் வருகிறது. எது சிறந்தது?” – அதே எபேனிலிருந்து இன்னொருவர்

எல்லாப் பிரச்சினைக்கும் சிறந்தது என்று ஒன்று இருக்க முடியாது. வோல்பெர்ட்டும் மக்ரெடியும் 1997-இல் கணிதத்தில் நிரூபித்துவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் தருகிற விஷயம் வேறு. பழைய முறைக்குப் புது மிருகத்தின் பெயர் வைத்துக் கட்டுரை எழுதும் பழக்கம் பெருகிவிட்டது. கென்னத் சோரென்சன் 2015-இல் இதைக் கண்டித்து எழுதினார். 2020-இல் கமாச்சோ வில்லலோன், டொரிகோ, ஸ்டுட்ஸ்லே மூவரும் ஓநாய், மின்மினி, வௌவால் மூன்றின் சமன்பாடுகளையும் பிரித்துப் பார்த்து, இவை துகள் கூட்ட முறையின் வேறு வடிவங்கள்தான், புதிதாக ஒன்றும் இல்லை என்று காட்டினார்கள். எறும்பைக் கொண்டுவந்தவரே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மிருகத்தின் பெயரை அடித்துவிட்டுச் சமன்பாட்டை மட்டும் படியுங்கள். அப்போதும் புதிதாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

“இதெல்லாம் கட்டுரையில்தானா, எங்காவது நிஜமாக ஓடியிருக்கிறதா?” – போர்ட் லூயி வாசகி

வானத்துக்கே போயிருக்கிறது அம்மா. 2006 மார்ச்சில் நாசா அனுப்பிய எஸ்.டி.5 என்ற மூன்று சின்னச் செயற்கைக்கோள்களில் இருந்த ஒரு ஆண்டெனாவின் வடிவத்தைப் பரிணாம முறையில் கணினிதான் கண்டுபிடித்தது. பேப்பர் கிளிப்பைக் குழந்தை கோணல்மாணலாக வளைத்துப் போட்ட மாதிரி இருக்கும். மனிதருக்கு அப்படி ஒரு வடிவம் தோன்றியிருக்காது.

“கரும்புத் தோட்டத்தில் 30 ஈர சென்சார் நட்டிருக்கிறேன். ஒன்று பக்கத்திலிருப்பதற்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, கடைசியில் வீட்டுப் பெட்டிக்கு வரும். எறும்பு முறை என்று விற்றவர் சொன்னார். ஒரு மூலையிலிருந்து இப்போது ஒன்றுமே வருவதில்லை. யாராவது உள்ளே புகுந்திருப்பார்களா?” – சூயாக் பக்கம் கரும்பு போடும் வாசகர்

புக முடியும் ஐயா, அதை மறைக்கமாட்டேன். தோட்டத்தில் ஒரு போலிக் கருவியை நட்டு, ‘என் வழிதான் கிட்ட, எல்லாம் என்னிடம் கொடுங்கள்’ என்று சொல்ல வைத்தால், சுற்றியுள்ள சென்சார்கள் நம்பிவிடும். வந்ததை எல்லாம் அது விழுங்கிவிடும். கருந்துளைத் தாக்குதல் என்று பெயர். நிஜ எறும்பும் இப்படி ஏமாறுகிறது. ஐரோப்பாவில் ஒரு நீல வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு, எறும்புக் குஞ்சின் வாசனையைத் தன் உடம்பில் வைத்திருக்கும். எறும்புகளே அதைத் தூக்கிப் போய்க் கூட்டில் வைத்து ஊட்டி வளர்க்கும். வாசனையை மட்டும் நம்பினால் இப்படித்தான். எனவே விற்றவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாதை சொல்லும் செய்திக்கும் இரகசியச் சாவியால் கையொப்பம் உண்டா, அல்லது ஈர அளவுக்கு மட்டும்தானா? முப்பதுக்கும் ஒரே சாவியா, தனித்தனியா? ஒரே சாவி என்றால், ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனவன் கையில் தோட்டம் முழுக்க இருக்கிறது.

ஆனால் திருடனைத் தேடுமுன் கரும்பைப் பாருங்கள். நட்டபோது பயிர் முழங்கால் உயரம் இருந்திருக்கும். இப்போது ஆளை மறைக்கிற உயரம், மழையில் நனைந்த தோகை வேறு. ஈரத் தோகை அலையைக் குடிக்கிறது. வெயில் அடித்துத் தோகை காய்ந்த மத்தியானத்தில் அந்த மூலை பேசி, மழை பெய்த இரவில் வாயடைத்தால் அது கரும்பின் வேலை. வெயிலோ மழையோ எப்போதுமே பேசாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் பேசவில்லையென்றால் எனக்கு உடனே எழுதுங்கள். ஒரு வாரம் எந்த நேரத்தில் எது பேசியது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் குறித்து, கூடவே மழை பெய்த நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். அந்த மூலையில் ஒரு மூங்கில் கம்பத்தைத் தோகைக்கு மேலே நிற்கும்படி நட்டு, அந்தக் கடைசி சென்சாரின் ஆண்டெனாவை மட்டும் அதன் உச்சியில் கட்டி, இரண்டு நாள் அப்படியும் பார்த்துவிடுங்கள்.